கொலோனோஸ்கோபிக்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடுபவர்களுக்கு: சீட்டு எழுதிய நாள் முதல் அறிக்கை கைக்கு வரும் வரை

குடல் மருத்துவர் ‘கொலோனோஸ்கோபி செய்து பார்த்துவிடலாம்’ என்று எழுதிக்கொடுத்த சீட்டை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, தீபாவளி முடியட்டும், பிள்ளையின் பொதுத்தேர்வு முடியட்டும் என்று நாள் கடத்திக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசனவாய் வழியாக, நுனியில் கேமராவும் விளக்கும் பொருத்திய வளையும் குழாயைச் செலுத்தி, சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவர் முழுவதையும் திரையில் பார்ப்பதே இந்தப் பரிசோதனை. அச்சத்தோடு இதைச் செய்துகொண்டவன் நான். என் கையில் தரப்பட்ட அறிவுறுத்தல் தாள் ஒரே பக்கம், முழுவதும் ஆங்கிலம். குடலைச் சுத்தப்படுத்தும் மருந்தை எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும் என்பது அதில் இருந்தது, பயந்துபோயிருக்கும் ஒருவர் கேட்க விரும்பும் எதுவும் இல்லை. அந்தக் குறையை இயன்றவரை இங்கே நிரப்பப் பார்க்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். மருந்தின் அளவு, மாத்திரைகளை நிறுத்துவது ஆகிய இரண்டிலும் உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதி. இந்தக் கட்டுரை அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு மட்டுமே உதவும்.

1. பயத்தைப் பிரித்து எழுதுங்கள்

‘பயமாக இருக்கிறது’ என்று மருத்துவரிடம் பொதுவாகச் சொன்னால், ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று பொதுவான பதில்தான் வரும். அதனால் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதைத் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். பெரும்பாலானோரின் தாளில் வலி, வெட்கம், மயக்க மருந்து, குடல் கிழிந்துவிடுமோ என்ற எண்ணம், முடிவு என்னவாக இருக்குமோ என்ற கலக்கம் ஆகியவையே இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் கேட்கவேண்டிய ஆளும் வேறு, கேட்கவேண்டிய நேரமும் வேறு.

வலியைப் பற்றி: குழாய் குடலின் வளைவுகளைத் தாண்டும்போதும், குடலை விரிப்பதற்காகக் காற்றைச் செலுத்தும்போதும் வயிறு உப்பி முறுக்குவது போன்ற வலி வரலாம். பரிசோதனைக்காகத் துளி சதை எடுப்பது வலிக்காது; இழுபடுவதை உணரும் குடல், அதன் உட்படலத்தில் கிள்ளுவதை உணர்வதில்லை. இந்த வலியைக் குறைக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. மிடாசோலம், ஃபென்டனில் போன்ற ஊசிகளைப் போட்டு அரைத்தூக்க நிலையில் வைப்பது ஒன்று. புரோபோஃபால் கொடுத்து, மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே இருக்க, நன்றாகத் தூங்கவைத்துச் செய்வது மற்றொன்று. மயக்கமே இல்லாமல் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றில் எது உங்களுக்கு என்பதைப் பரிசோதனை மேசையில் படுத்த பிறகு கேட்கக் கூடாது, தேதி வாங்கும்போதே கேட்க வேண்டும். ஏனென்றால் மயக்கவியல் மருத்துவர் வாரத்தின் எல்லா நாள்களிலும் எல்லா இடங்களிலும் இருப்பதில்லை, கட்டணமும் அதற்கேற்ப மாறும்.

வெட்கத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. நாளைத் தள்ளிப்போடுவதற்குப் பலருக்கும் இதுவே உண்மையான காரணம் என்பது என் கணிப்பு. பின்புறம் மட்டும் திறப்புள்ள கால்சட்டையோ, பின்னால் முடிச்சிடும் அங்கியோ தருவார்கள். மேலே போர்வை போர்த்தி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். மருத்துவரின் கண் பெரும்பாலான நேரம் திரையில்தான் இருக்கும். பெண்கள், பெண் மருத்துவரோ குறைந்தது பெண் செவிலியரோ உடனிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் பரிசோதனையைச் செய்ய முடியும், செவிலியரிடம் சொல்லிவிட்டால் போதும்.

குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்மையில் உண்டு. அதை இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் வெறுமனே பார்ப்பதற்காகச் செய்யும் பரிசோதனையில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. பெரிய சதைவளர்ச்சியை வெட்டி எடுக்கும்போது ஆபத்து சற்றுக் கூடும். ‘இங்கே அப்படி நேர்ந்தால் உடனே அறுவை சிகிச்சை செய்ய வசதி உண்டா’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலைக் கொண்டே மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

முடிவைப் பற்றிய பயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. பரிசோதனையைச் செய்யாமல் விடுவதால் அது குறைவதும் இல்லை. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ‘பாலிப்’ எனப்படும் சிறு சதைவளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. கொலோனோஸ்கோபியில் அந்தப் பாலிப்பைக் காண்பதோடு, பெரும்பாலும் அந்த அமர்விலேயே அகற்றிவிடவும் முடிகிறது. ஆகவே நீங்கள் பயப்படும் அந்த நோயை வருமுன் தடுக்கும் வாய்ப்புள்ள பரிசோதனையைத்தான் அந்த நோய்க்குப் பயந்து ஒத்திவைக்கிறீர்கள்.

2. இது எனக்கு ஏன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்

மலத்தில் இரத்தம், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவான சோகை, பல வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை வழக்கமான காரணங்கள். இரத்தம் வந்தால் ‘மூலம்தான்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டி, நாட்டு மருந்தும் களிம்புமாகக் காலத்தைக் கடத்துவது நம் ஊரில் மிகப் பரவலான பொறி. மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம். மேலே பார்க்காமல் அதைத் தீர்மானிக்க முடியாது.

வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கான முதற்கட்ட வடிகட்டலுக்கு உதவும். அதில் இரத்தம் தெரிந்தால் திரும்பவும் கொலோனோஸ்கோபிக்குத்தான் வர வேண்டும். சி.டி. ஸ்கேன் மூலம் பெருங்குடலைப் பார்க்கும் முறையிலும் குடலைச் சுத்தப்படுத்தும் வேலை பெரும்பாலும் உண்டு, ஆனால் அதில் சதை எடுக்க முடியாது. பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி சிலருக்குப் போதுமானதாக இருக்கலாம். உங்களுக்கு எது பொருந்தாது, ஏன் பொருந்தாது என்பதை மருத்துவர் வாயால் கேட்ட பிறகு, ‘தேவையில்லாமல் செய்கிறார்களோ’ என்ற சந்தேகம் அடங்கிவிடும். அந்தச் சந்தேகமே பாதிப் பயத்துக்குத் தீனி போடுகிறது.

3. இடமும் செலவும்

சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரைப்பை–குடல் பிரிவுகள் உள்ளன. அங்கே செலவு மிகக் குறைவு, கைப்பழக்கமும் அதிகம். காத்திருப்பும் கூட்டமும் அதற்கு ஈடாக நாம் கொடுப்பவை. காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, இரத்தப் பரிசோதனைகளை முடித்து, வேறொரு நாளுக்குத் தேதி வாங்கிவர வேண்டியிருக்கும் என்பதால், ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற எண்ணத்தோடு விடுப்பு எடுக்காதீர்கள்.

தனியார் மருத்துவமனைகளில் சில ஆயிரங்களில் தொடங்கி, மயக்கமும் சதைப் பரிசோதனையும் சேரும்போது 15,000 ரூபாயையும் தாண்டக்கூடும். ‘எவ்வளவு ஆகும்’ என்று மொத்தமாகக் கேட்டால் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். ஆகவே பரிசோதனைக் கட்டணம், மயக்கவியல் மருத்துவர் கட்டணம், முன்பரிசோதனைகளான இரத்தம், ஈ.சி.ஜி., சுத்தப்படுத்தும் மருந்து, சில மணி நேரப் படுக்கை, பாலிப் இருந்தால் அகற்றுவதற்கு எத்தனை, பயாப்சி எனப்படும் சதைப் பரிசோதனைக்கு ஒரு குப்பிக்கு எத்தனை என்று வரிவரியாகக் கேட்டு, மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கடைசி இரண்டும் முன்கூட்டித் தெரியாத செலவுகள். எடுத்த இடத்துக்கு ஒரு குப்பி என்று கணக்கிடுவதால், நான்கு இடங்களில் எடுத்தால் கட்டணமும் நான்கு மடங்காகலாம்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவின் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில், பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே மருத்துவமனையில் சேர்வதற்குப் பணம் இல்லை என்ற விலக்கு ஒரே வாசகத்தில் இடம்பெற்றிருக்கும். வெறும் பார்வைக்கான கொலோனோஸ்கோபி இதில் சிக்கும். பாலிப் அகற்றப்பட்டால் அது சிகிச்சை என்ற கணக்கில் வந்து, பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் கிடைக்க வாய்ப்புண்டு. எனவே சேர்வதற்குச் சில நாள் முன்னதாகவே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டு, இரண்டு நிலைமைக்கும் பதில் பெறுங்கள். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதிக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்துள்ளது; தாமதித்தால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைதானா என்பதையும், உங்கள் காரணத்துக்கு இந்தப் பரிசோதனை அதில் வருமா என்பதையும் அங்குள்ள திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மாத்திரைப் பட்டியல்

வீட்டில் அன்றாடம் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லத் தடுமாறுவதைவிட அட்டையைக் காட்டுவது பாதுகாப்பானது.

இரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரைகளே இதில் மிக முக்கியமானவை. க்ளோபிடோக்ரல், வார்ஃபரின், அசெனோகூமரால் போன்றவற்றைச் சில நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வதுண்டு. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள் தாமாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது; இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசி எடுக்கவேண்டிய முடிவு அது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து நாள் நிறுத்தச் சொன்னார்கள் என்பது உங்களுக்குப் பொருந்தாது.

நீரிழிவு உள்ளவர்கள், உண்ணாமல் இருக்கும் நாளில் மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்பதை எண்களோடு எழுதி வாங்க வேண்டும். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும், எடைக்குறைப்புக்காக இப்போது பலரும் போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைட் ஊசியையும் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மயக்கவியல் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிப் பார்வையை மறைக்கும் என்பதால், ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்த அழுத்த மாத்திரையை அன்று காலை ஒரு மிடறு நீரில் விழுங்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். மயக்க மருந்தின் அளவு அதைப் பொறுத்தும் மாறும்.

5. தேதி, துணை, கோப்பு

காலை முதல் இடம் கிடைத்தால் பட்டினி நேரம் குறையும். ஆனால் சுத்தப்படுத்தும் மருந்தை இரண்டு பங்காகக் குடிப்பதானால் இரண்டாம் பங்கை விடியலுக்கு முன்பே எழுந்து குடிக்க வேண்டிவரும். மருத்துவமனையிலிருந்து தொலைவில் இருப்பவர்கள் முற்பகல் பிந்திய நேரத்தைக் கேட்பதும், இயன்றால் முந்தைய இரவு அருகில் உள்ள உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவதும் நல்லது. சுத்தப்படுத்தும் மருந்தைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பேருந்தில் வரலாம் என்று யாராவது சொன்னால், அவர் அந்த மருந்தைக் குடித்ததில்லை என்று பொருள்.

மயக்கம் உண்டென்றால் வயதுவந்த ஒருவர் துணையாக வந்தே ஆக வேண்டும். துணையில்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவதுண்டு. வாடகை வண்டி ஓட்டுநரைத் துணை என்று காட்ட முடியாது. தனியாக வாழ்பவர்கள் துணைக்கு வருபவரின் விடுப்பை உறுதிசெய்த பிறகே தேதியை வாங்குங்கள்.

கோப்பில் இருக்கவேண்டியவை: பரிந்துரைச் சீட்டு, பழைய எண்டோஸ்கோபி அல்லது ஸ்கேன் அறிக்கைகள், இரத்த அணுக்கள், சர்க்கரை, கிரியாட்டினின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றின் அண்மைய முடிவுகள், கேட்டிருந்தால் ஈ.சி.ஜி., ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, ஒவ்வாமை இருந்தால் அதன் குறிப்பு. பல மருத்துவமனைகளில் மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் கேட்பார்கள், இது எல்லாருக்கும் பொதுவான வழக்கம், உங்களைச் சந்தேகிப்பதாக எண்ண வேண்டாம்.

6. உணவு மாற்றம்

பரிசோதனைக்கு இரண்டு அல்லது மூன்று நாள் முன்பிருந்து நார்ச்சத்து குறைந்த உணவு. வழக்கமாக நல்லது என்று சொல்லப்படும் கீரை, கொய்யா, மாதுளை, வெண்டைக்காய், தக்காளி விதை, முழுப் பயறு, கேழ்வரகு, கம்பு, எள், கடுகு தாளிப்பு அனைத்தும் இந்த நாள்களில் விலக்கு. வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, தயிர், வேகவைத்த முட்டை, முள்ளில்லாத மீன் போன்றவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும். நார் குடலில் தங்கிப் பார்வையை மறைக்கும், விதைகள் குழாயின் உறிஞ்சு வழியை அடைத்துவிடக்கூடும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி.

முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: வடிகட்டிய கஞ்சித் தெளிவு, இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் கலக்காத தேநீர், வடிகட்டிய ரசத் தெளிவு. பாலும் மோரும் தெளிந்த நீராகாரம் ஆகா. சிவப்பு, ஊதா நிறமுள்ள எதையும் குடிக்காதீர்கள். பீட்ரூட், திராட்சைச் சாறு, ரோஸ் மில்க் ஆகியவற்றின் நிறம் திரையில் இரத்தம் போலத் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் ‘வெறும் வயிற்றோடு இருக்காதே, ஒரு வாய் சோறு சாப்பிடு’ என்று கரண்டியோடு வருவார்கள். அவர்களிடம் முந்தைய வாரமே சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு.

7. மருந்து குடிக்கும் இரவு

இந்தப் பரிசோதனை முழுவதிலும் கடினமான பகுதி இதுதான். பரிசோதனை அறையைப் பற்றி அச்சப்படுபவர்கள் இதைப் பற்றி அச்சப்படுவதில்லை என்பது வேடிக்கை. சரியாகச் சுத்தமாகாத குடலில் சிறு பாலிப்புகள் கண்ணுக்குத் தப்பிவிடும். பரிசோதனையைப் பாதியில் நிறுத்தி வேறொரு நாள் வரச்சொல்லவும் கூடும், அப்போது பணமும் பட்டினியும் இரண்டாம் முறை.

பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளை 2 லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வது நம் ஊரில் பரவலான முறை. சிலருக்கு 4 லிட்டர் வரை தேவைப்படும். முழுவதையும் இரவே குடிப்பதைவிட, பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னதாகத் தொடங்கியும் குடிப்பதே குடலை நன்றாகச் சுத்தமாக்குகிறது. உங்கள் தாளில் இரவு மட்டும் என்று இருந்தால், பிரித்துக் குடிக்கலாமா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது மயக்கவியல் மருத்துவர் சொல்லும் நேரத்துக்குமுன், தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள், கடையில் கிடைக்கும் வேறு வகை மருந்துக்குத் தாமாக மாறக் கூடாது. பாஸ்பேட் கலந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

குடிக்கும் முறை: கரைத்த நீரைக் குளிரவைத்துக்கொள்ளுங்கள், உப்பும் கசப்பும் கலந்த சுவை குளிர்ச்சியில் மட்டுப்படும். 10 முதல் 15 நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு குவளை என்ற கணக்கில், உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பகுதியில் வைத்துக் குடித்தால் சுவை அவ்வளவாகத் தெரியாது. இடையிடையே எலுமிச்சைத் துண்டை முகரலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். வாந்தியே எடுத்துவிட்டால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேளுங்கள். முதல் மலம் ஒரு மணி நேரத்திலும் போகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். போகவில்லையே என்று பதறி அடுத்த குவளையை நிறுத்த வேண்டாம்.

கழிவறை ஏற்பாடுகளைச் சிறுமை என்று எண்ணாதீர்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்து, ஒரு பெரிய வாளியிலும் பிடித்து வையுங்கள். ஒரே கழிவறையுள்ள வீட்டில் மற்றவர்களை முன்கூட்டியே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆசனவாயைச் சுற்றித் தேங்காயெண்ணெயோ வாசலினோ முதல் முறை போவதற்கு முன்பே தடவிக்கொண்டால் எரிச்சல் வராது. எரிந்த பிறகு தடவிப் பெரிய பயன் இல்லை. முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலிக் கழிவறை உள்ள வீட்டில் தங்குவது நல்லது. முதியவர்களை இந்த இரவில் தனியே விடக் கூடாது: நீரிழப்பால் தலைசுற்றி, கழிவறையில் விழுவதே அவர்களுக்கு உண்மையான ஆபத்து.

கடைசியில் வெளியேறுவது கலங்கல் இல்லாத இளமஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார். காலையிலும் பழுப்பாகவே இருந்தால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள், எனிமா கொடுத்தோ நேரத்தைத் தள்ளியோ சரிசெய்வார்கள்.

8. மருத்துவமனையில்

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகச் செல்லுங்கள். நகை, பல்செட், கண்ணில் அணியும் ஒட்டு வில்லை (கான்டாக்ட் லென்ஸ்) ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவி அதனால் தவறு காட்டலாம்.

ஒப்புதல் படிவத்தை மயக்க ஊசிக்கு முன், தெளிவான மனத்தோடு படியுங்கள். தமிழில் கேளுங்கள்; இல்லையென்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். பாலிப் கண்டால் உடனே அகற்றுவதற்கும், சதை எடுப்பதற்கும் அதில் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பது நல்லது, இல்லையென்றால் அதே மருந்தை இன்னொரு முறை குடிக்க நேரும்.

ஊசிக்குப் பயப்படுபவர்கள், முன்பு ஊசி போடும்போது மயங்கியவர்கள், அதைச் சொல்லிப் படுத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள். அரைத்தூக்கத்தில் செய்துகொள்பவர்கள், ‘கையைத் தூக்கினால் சற்று நிறுத்த வேண்டும்’ என்று மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு எந்த நல்ல மருத்துவரும் கோபிப்பதில்லை, நிறுத்த முடியும் என்று தெரிந்த பிறகு பலருக்கும் கையைத் தூக்கவே தோன்றுவதில்லை. குழாய் வளைவைத் தாண்டும்போது மூச்சை அடக்காமல், வாயால் நீளமாக வெளியே விடுங்கள். வயிற்றுத் தசை தளர்ந்தால் முறுக்கும் குறையும். காற்று வெளியேறினால் வெளியேறட்டும், அடக்காதீர்கள்.

பரிசோதனை ஏறத்தாழ 20 முதல் 45 நிமிடங்கள். தூங்கவைத்துச் செய்தால், தொடங்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ‘முடிந்துவிட்டது’ என்று எழுப்புவார்கள்.

9. முடிந்த பிறகு

ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கண்காணிப்பு. வயிற்று உப்புசம் அன்று மாலைக்குள் காற்றாகப் பிரிந்து போய்விடும். எழுந்து நடந்தால் விரைவில் போகும். முதல் உணவு எளிதாக இருக்கட்டும், இட்லியோ குழைந்த சோறோ. மயக்கம் பெற்றவர்கள் 24 மணி நேரம் இரு சக்கர வண்டி உட்பட எதையும் ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது, அடுப்பில் தனியாக நின்று சமைப்பதும் வேண்டாம்.

விட்டுவிட்டு வராமல் நிலைத்து நிற்கும் அல்லது கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கல்போல் இறுகிய வயிறு, காய்ச்சல், குளிர்நடுக்கம், வாந்தி, கட்டியாகவோ அதிகமாகவோ இரத்தம் போவது, மயக்கம் வருவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ‘கொலோனோஸ்கோபி செய்திருக்கிறேன், பாலிப் எடுத்திருக்கிறார்கள்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட இரத்தம் கசியக்கூடும் என்பதால், அந்த நாள்களில் தொலைதூரப் பயணத்தையும் பளுதூக்குவதையும் தவிர்ப்பது நல்லது. இரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதை எழுத்தில் வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நிறுத்தியதை நினைவில் வைத்திருப்பவர்கள் தொடங்க மறந்துவிடுகிறார்கள்.

10. அறிக்கையும் பயாப்சியும்

மயக்கம் தெளியும் நேரத்தில் மருத்துவர் சொல்வது உங்களுக்கு நினைவிருக்காது. நன்றாகப் பேசியது போலத் தோன்றினாலும் மறுநாள் ஒரு சொல்கூட மிஞ்சாமல் போகலாம். எனவே துணைக்கு வந்தவர் அருகிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும், அல்லது நீங்கள் முழுதாகத் தெளிந்த பிறகு மீண்டும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். இதோடு ஒட்டிய இன்னொன்று: நம் குடும்பங்களில், கெட்ட செய்தி என்றால் நோயாளியிடம் சொல்லாமல் மகனையோ மருமகனையோ தனியே அழைத்துப் பேசும் வழக்கம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் தன்னிடம் மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தோடு வீட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த முடிவையும்விடக் கொடியது. முடிவை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடமும் குடும்பத்திடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் அன்றே கிடைக்கும். அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை குழாய் சென்றதா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, எங்கே, எத்தனை மில்லிமீட்டர் அளவில், என்ன எடுக்கப்பட்டது. சுத்தத்துக்கு ‘பாஸ்டன்’ என்ற மதிப்பெண் முறை உண்டு. பெருங்குடலின் மூன்று பகுதிகளுக்கும் தலா 0 முதல் 3 வரை, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமான சுத்தம். அறிக்கையில் இந்த எண் இல்லையென்றால் கேளுங்கள். சுத்தமில்லாத குடலைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு மதிப்பில்லை.

பயாப்சி எடுத்தார்கள் என்பதாலேயே புற்றுநோய் என்று பொருள் கொள்ள வேண்டாம். குடலழற்சியா, காசநோயா, சாதாரணச் சதைவளர்ச்சியா என்று பிரித்தறிவதற்கும் அதுவே வழி. முடிவு வரச் சில நாள்களிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நாள்களில் அறிக்கையின் ஆங்கிலச் சொற்களை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பதைவிட, எந்தத் தேதியில் யாரிடம் முடிவை வாங்க வேண்டும் என்பதைக் குறித்து வைத்து, அந்தத் தேதி வரை வேறு வேலை பாருங்கள். தேதி கடந்தும் அழைப்பு வரவில்லையென்றால் ‘நல்ல முடிவாக இருந்திருக்கும்’ என்று எண்ணி விட்டுவிடாமல் நேரில் சென்று வாங்குங்கள். வாங்கப்படாமல் ஆய்வகத்திலேயே கிடக்கும் முடிவுகள் உண்டு.

அடுத்த பரிசோதனை எப்போது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேளுங்கள். குடும்ப வரலாறு ஏதும் இல்லாமல், நல்ல சுத்தத்தோடு செய்த பரிசோதனையில் ஒன்றும் காணப்படாதவர்களுக்கு 10 ஆண்டுகள் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல்களில் உள்ள பொதுவான இடைவெளி. பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்கு அதன் எண்ணிக்கையும் அளவும் வகையும் பார்த்து அது குறையும். முடிவு புற்றுநோயாகவோ, முற்றிய வகைப் பாலிப்பாகவோ வந்தால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் 40 வயதிலோ, உங்களுக்குக் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது பரிசோதித்துக்கொள்ளும்படி சொல்லப்படும். அவர்களுக்குக் கொடுப்பதற்காக அறிக்கையின் நகல்களையும் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.